மாட்டுப் படம் போட்ட பையில் போன கஞ்சி மாவு

வியாபாரிகள் சங்க மலரில் உழைத்து முன்னேறிய ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். இந்தக் கடைவீதியில் உழைத்து முன்னேறியவன் என்றால் முதல் ஆள் நான்தான். வாடகைக் கொட்டகையில் ஒற்றை மெஷினை வைத்துக்கொண்டு ஆரம்பித்தவன், இன்று சொந்தக் கட்டிடத்தில் மாவு மில் நடத்துகிறேன். ஆனால் என்னைப் பற்றி நானே எழுதினால் தற்பெருமை என்று சொல்ல நாலு பேர் தயாராக இருக்கிறார்கள். ஆகவே என் மனைவியைப் பற்றி எழுதுகிறேன். அவளைப் பற்றி எழுதினால் நானும் அங்கங்கே வந்துதான் தீருவேன். அதற்கு நான் பொறுப்பில்லை.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் செயலாளர் திருத்திக்கொள்ளலாம். விஷயத்தைத் திருத்தக் கூடாது.

என் மனைவி பழக்கடைக்காரர் மகள். கல்யாணமான புதிதில் ஒரு நாள் எனக்கு மத்தியானச் சாப்பாடு எடுத்துக்கொண்டு மில்லுக்கு வந்தாள். அந்த நேரம் பார்த்து மூன்று பெண்கள் யார் முதலில் அரைப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மெஷின் பக்கம் நின்று, கேட்காதவன் மாதிரி பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் தூக்குப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். யார் எப்போது வந்தது என்று விசாரித்தாள். கடைசியாக வந்தவளைப் பார்த்து, "உங்க சத்தத்துக்கு மெஷினே வேணாம்போல, தானா அரைஞ்சிடும்" என்றாள். சண்டை போட்டவர்களே சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு நான் சாப்பிட உட்கார்ந்தேன், அவள் கல்லாவில் உட்கார்ந்தாள். நான் சாப்பிட்டு எழுந்துவிட்டேன். அவள் இன்னும் கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை.

மில் சத்தத்தில் மனிதர் பேச்சு காதில் விழாது. மெஷின் ஓடும்போது எல்லாம் கைஜாடைதான். எவ்வளவு நைசாக வேண்டும், நாளைக்கு வா, கடன் கிடையாது, போன வாரப் பையைத் திருப்பிக் கொடு, இத்தனையும் அவள் இரண்டு கைகளாலேயே சொல்லிவிடுவாள். காது கேளாதவர்கள் எங்கள் மில்லுக்குத்தான் பிரியமாக வருவார்கள். மற்ற இடத்தில் அவர்களோடு பேச ஆள் இல்லை.

சல்லடை விஷயத்தில் மட்டும் அவள் பொல்லாதவள். மெஷினில் இருந்து இறங்கிய மாவைச் சலிக்காமல் கொடுக்க மாட்டாள். சல்லடையில் நின்றதை மறுபடி மெஷினில் போடச் சொல்வாள். அப்புறம் வெள்ளைத் துணியில் பரப்பி ஆறவிட்டுத்தான் கட்டுவாள். சூட்டோடு கட்டினால் மாவு வேர்த்துப்போய்க் கட்டி தட்டிவிடும். அவசரக்காரர்கள், போதும்மா கொடுங்க என்று கையை நீட்டுவார்கள். பல்லில் நறநறவென்று கடிபட்டால் திட்டு வாங்கப்போவது நீங்களா நானா என்று கேட்பாள். அவர்கள் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

இப்போது பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் மாட்டுத் தீவனமும் அரைத்து விற்றேன். அதற்காக விலை கொடுத்து, போர்டு எழுதுகிறவரை வைத்து ஒரு மாடு வரையச் சொல்லிப் பை அச்சடித்தேன். அந்த மாட்டின் கண்ணைப் பார்த்தால் இதோ கத்தப்போகிறது என்று தோன்றும். மேலே என் மில்லின் பெயர். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. ஆங்கிலம் இருந்தால்தான் ஒரு கம்பீரம் என்று அச்சகக்காரர் சொன்னார், போடச் சொன்னேன். என்ன வரி என்று கேட்கவில்லை. எழுத்து அழகாக இருந்தது, போதும் என்று விட்டுவிட்டேன். தீவனம் சரியாகப் போகவில்லை, நிறுத்திவிட்டேன். ஆனால் மாடு ஜனங்கள் மனதில் நின்றுவிட்டது. மாட்டுப் பை மாவு கொடுங்க என்று கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். அப்புறம் எதற்கு மாற்ற வேண்டும்? மனிதர் சாப்பிடுகிற மாவும் அதே பையில் போயிற்று. பேங்க் மேனேஜர் வாங்கினார், டாக்டர் வீட்டில் வாங்கினார்கள், ஹெட்மாஸ்டர் வாங்கினார். எல்லாம் ஆங்கிலம் படித்தவர்கள். ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் மனைவிக்கு மட்டும் அந்த மாட்டைப் பிடிக்காது. கஞ்சி மாவுக்கு எதுக்குங்க மாடு என்பாள். வியாபாரம் உனக்குத் தெரியாது என்பேன். கல்லாவில் இருந்துகொண்டு என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

எங்களுக்கு ஒரே மகள். வெளிநாட்டில் பஸ் ஓட்டுகிறாள். சின்ன பஸ் என்று நினைக்க வேண்டாம். நடுவில் ரப்பர் மடிப்பு வைத்த, திருப்பத்தில் பாம்பு மாதிரி வளைகிற பஸ். மெஷின் பக்கத்தில் வளர்ந்த பெண், இரும்பைக் கண்டு பயப்பட மாட்டாள். அவளுக்கு வயிற்றில் ஒரு ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் வம்பு. எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. ரொட்டி நிற்கவில்லை, சூப் நிற்கவில்லை, ஆஸ்பத்திரியில் கொடுத்த சத்துப் பானம் வாய்க்குப் பக்கத்தில் போனாலே குமட்டல். ஆள் பாதியாகிவிட்டாள். அடுத்த தடவை வரும்போதும் இப்படியே இருந்தால் திரும்பவும் படுக்கையில் போட்டு மூக்கு வழியாகக் குழாய் வைக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இதை எங்களிடம் சொன்னவர் மாப்பிள்ளை. மகள் மறைத்துவிட்டாள். என் மனைவி அவளைப் போனில் கூப்பிட்டு ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். அப்புறம் என்னதான் வேண்டும் என்று கேட்டாள். மகள் குரல் நூல் மாதிரி வந்தது.

"உன் கஞ்சி குடிச்சா நிக்கும்னு தோணுதும்மா."

போனை வைத்தவள் நேரே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். விசாவுக்கு மாப்பிள்ளை முன்பே ஏற்பாடு செய்திருந்தார். இரண்டு பேரும் போகலாம்தான், மில்லை யார் பார்ப்பது? என் மெஷின்கள் வேறு ஆள் கை பட்டால் முறைத்துக்கொள்ளும். அதனால் அவள் மட்டும் கிளம்புவது என்று முடிவாயிற்று. அதுவரை அவள் விமானத்தை வானத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

அங்கேயே தானியம் வாங்கி வறுத்துக் கொடுக்கக் கூடாதா என்று இதைப் படிக்கிற யாராவது கேட்பீர்கள். வறுக்கலாம். அரைப்பது யார்? மிக்ஸியில் அரைத்ததற்குப் பேர் தூள், மாவு இல்லை. மாப்பிள்ளை அப்படி ஒரு தடவை செய்து கொடுத்துப் பார்த்தார். தொண்டையில் நெருடி, இருந்ததும் வெளியே வந்துவிட்டது.

கோதுமை, பார்லி, பயறு ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்தாள். சீரகமும் சுக்கும் கொஞ்சம். வாசனை தெருமுனை வரை போயிற்று. நான் என் பங்குக்கு மெஷினைப் பிரித்து, அரைக்கிற கல்லை இறக்கி, புதிதாகக் கொத்தி மாட்டினேன். யாருக்கும் அப்படி அரைத்தது கிடையாது. அமைச்சர் வீட்டுக்குக்கூட அரைத்திருக்கிறேன், கல் கொத்தவில்லை. அன்று இறங்கிய மாவைக் கையில் எடுத்தால் விரலிடுக்கில் தண்ணீர் மாதிரி ஓடிற்று. அதையும் அவள் சலித்தாள். சலித்து, நின்றதை மறுபடி அரைக்கச் சொல்லி, மறுபடி சலித்தாள். நானும் சொன்னபடி அரைத்துக் கொடுத்தேன்.

எதிர்க்கடைத் தையல்காரர் யோசனை சொல்ல வந்தார். அவர் மகன் வெளிநாட்டில் இருப்பதால் அவருக்குத் தெரியாத விமான நிலையம் கிடையாது. அங்கே சாப்பாட்டுப் பொருள் இருக்கிறது என்று வாயைத் திறந்தால் தொலைந்தது, பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்றார். "அக்கா, ஒண்ணும் இல்லன்னு தலையாட்டிட்டு நடையைக் கட்டுங்க. பச்சை வழி இருக்கும், அதுல போனா கேக்கவே மாட்டாங்க." எனக்கும் அதுதான் புத்திசாலித்தனமாகப் பட்டது.

அவள் நூலும் ஊசியுமாக நின்ற மனிதரை மேலும் கீழும் பார்த்தாள்.

"மாவை வெச்சுக்கிட்டு மாவு இல்லன்னு சொல்லணுமா? நான் என்ன திருட்டு மாவா எடுத்துட்டுப் போறேன்?"

"ஊரே அப்படித்தான் போகுதுக்கா."

"ஊர் எப்படியோ போகட்டும். புடிச்சு வாங்கிட்டா என் பொண்ணு என்ன குடிப்பா? கேட்டாங்கன்னா இருக்குன்னு சொல்லுவேன். இருக்கறத இருக்குன்னு சொன்னா என்ன செஞ்சிடுவாங்க பாக்கலாம்."

தையல்காரர் தன் கடைக்குத் திரும்பிவிட்டார். பையைப் பற்றிய சண்டை அவளுக்கும் எனக்கும். அவள் மாவை எழுத்தில்லாத கண்ணாடி பிளாஸ்டிக் பையில் கட்ட எடுத்துவிட்டாள். நான் விடவில்லை. அரைத்தது யார் என்று தெரியாமல் அனாதை மாதிரியா என் மாவு வெளிநாட்டுக்குப் போகும்? ஒன்றும் இல்லாமல் இருந்து எழுந்து வந்தவன், என் பெயர் கடல் தாண்டிப் போக ஒரு சந்தர்ப்பம் வந்திருக்கிறது, அதை விடுவேனா? மாட்டுப் பையில்தான் போகணும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். கிளம்புகிற நேரத்தில் சண்டை எதற்கு என்று அவள் விட்டுக்கொடுத்தாள். மாடு இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி நானே பெட்டியில் வைத்தேன்.

இனி நடந்தது எல்லாம் அவள் சொல்லி நான் எழுதுவது. பாதி மாப்பிள்ளை சொன்னது.

இறங்கின இடம் கல்யாண மண்டபம் மாதிரி பத்து மடங்கு பெரிய கூடமாம். தரையில் முகம் தெரியுமாம். பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தால் இரண்டு வழி. ஒன்றும் கொண்டு வராதவர்கள் பச்சைப் பலகை வழியாகப் போகலாம், ஏதாவது கொண்டு வந்தவர்கள் சிவப்புப் பலகை வழி. மாப்பிள்ளை போனில் நிறம் சொல்லிக் கொடுத்திருந்தார். விமானத்தில் வந்த கும்பல் முழுக்கப் பச்சைக்குள் போயிற்று. இவள் மட்டும் தன்னந்தனியாகச் சிவப்புக்குள் போய் நின்றாள். பக்கத்தில் உட்கார்ந்து வந்த அம்மாள் ஒருத்தி இங்கே வாங்க, இங்கே வாங்க என்று கையாட்டிக் கூப்பிட்டாளாம். இவள் தன் பெட்டியைத் தட்டிக் காட்டிவிட்டு அங்கேயே நின்றாள்.

அதிகாரி இளவயதுப் பெண். கையில் நீல ரப்பர் உறை. பெட்டியைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது மாடுதான். அதிகாரிப் பெண் ஏதோ கேட்டாள். என் மனைவி வாய்க்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்க் குடிக்கிற ஜாடை செய்தாள், வயிற்றைத் தொட்டாள், தூங்குகிற மாதிரி தலையைச் சாய்த்தாள். மகளுக்கு வயிறு சரியில்லை, படுத்திருக்கிறாள் என்று அர்த்தம். எங்கள் மில்லில் யாராக இருந்தாலும் புரிந்திருக்கும். அந்தப் பெண்ணோ, இவளுக்கே மயக்கம் வருகிறது என்று நினைத்து நாற்காலி எடுத்துப் போட்டாள். அப்புறம் மேசைமேல் இருந்த போனை அழுத்தினாள். போனுக்குள் இருந்து நம் மொழி வந்தது.

"வணக்கம்மா. நான் இங்க மொழிபெயர்க்கறவ. அவங்க கேக்கறத உங்களுக்கு சொல்வேன், நீங்க சொல்றத அவங்களுக்கு சொல்வேன்."

"கூட்டாம குறைக்காம சொல்லணும்மா."

"அதுதாம்மா என் வேலையே. பையில இருக்கறது பால் பவுடரான்னு கேக்கறாங்க."

"பால் ஒரு சொட்டு கிடையாது. வறுத்து அரைச்ச தானியம். கஞ்சி மாவு."

"அப்போ மாடு எதுக்குன்னு கேக்கறாங்க."

"அது எங்க வீட்டுக்காரர் ஆசைக்குப் போட்டது. நானும் வருஷக்கணக்கா அதத்தான் கேட்டுட்டிருக்கேன்."

போன்காரப் பெண் சொன்ன சொல் மாறாமல் மொழிபெயர்த்திருக்கிறாள். அதிகாரிப் பெண்ணின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்ததாம். ஆனால் பையைத் திருப்பிக் கீழ் வரியைப் படித்ததும் முகம் இறுகிவிட்டது. விரலை வைத்து மறுபடி படித்தாள். போனில் சொன்னாள். போன்காரப் பெண் அதை இவளுக்குச் சொன்னாள்.

"அம்மா, பையில கீழ இங்கிலீஷ்ல ஒரு வரி இருக்காம். 'கால்நடைகளுக்கு மட்டும், மனிதர் உண்ணக் கூடாது'ன்னு."

என் மனைவி வாயடைத்து நின்றது அவள் ஆயுசிலேயே அந்த ஒரு நிமிஷம்தான். கால்நடைத் தீவனத்தை நாட்டுக்குள் விட முடியாது, அழித்துவிட வேண்டும் என்று அதிகாரி சொன்னதாகப் போன் சொன்னது. பக்கத்தில் ஒரு மஞ்சள் தொட்டி. அதற்குள் யாரோ கொண்டுவந்த பழங்களும் கறிப் பொட்டலமும் கிடந்தன. நீல உறைக் கை, மாவுப் பையைத் தூக்கி அந்தத் தொட்டிப் பக்கம் நகர்த்தி வைத்தது.

இதே நேரத்தில் நான் மில்லில் நிற்கிறேன். மாப்பிள்ளை போன் செய்தார். "மாமா, அந்த விமானத்துல வந்தவங்க எல்லாரும் போயிட்டாங்க. அத்தை இன்னும் வெளிய வரல." எல்லா மெஷினையும் நிறுத்தினேன். மில் அமைதியாக இருந்தால் கடைவீதிக்கே தெரிந்துவிடும், தையல்காரர் ஓடி வந்தார். நான் அப்பவே சொன்னேனே அண்ணே என்று ஆரம்பித்தார். உன் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உன் கடைக்குப் போ என்றேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு வேறு கணக்கு ஓடியது. அங்கே படுத்துக்கிடக்கிற பெண் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். வெறுங்கையோடு அம்மா உள்ளே போனால் அடுத்தது ஆஸ்பத்திரிக் குழாய்தான்.

அங்கே அவள் சுதாரித்துக்கொண்டுவிட்டாள்.

"இந்தாம்மா போன்ல இருக்கற பொண்ணே. அந்த மனுஷனுக்கு இங்கிலீஷ் தெரியாது, எனக்கும் தெரியாது. அச்சடிச்சவன் தலைல இடி விழ."

"இதையும் சொல்லணுமாம்மா? கூட்டாம குறைக்காம சொல்லச் சொன்னீங்களே."

"இடியை மட்டும் விட்டுடு. இதச் சொல்லு. மாட்டுக்கு அரைச்சத பெத்த பொண்ணுக்கு எவளாவது தூக்கிட்டு வருவாளா? அவ ஆபரேஷன் பண்ணிட்டுப் படுத்திருக்கா. இது ஒண்ணுதான் வயித்துல நிக்கும்னு கேட்டா. பை சொல்றத விட்டுட்டு மாவைப் பாக்கச் சொல்லு."

சொல்லிக்கொண்டே பையைப் பிரித்து, ஒரு கை மாவை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். வறுத்த மாவு, சாப்பிடலாம்தான். ஆனால் அவ்வளவு நைஸ் மாவை வெறும் வாயில் போட்டால் என்ன ஆகும்? மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு புரை ஏறிவிட்டது. இருமல் வந்து மேசை முழுக்க வெள்ளைப் புகை. அதிகாரிப் பெண்ணின் கறுப்புச் சட்டை நரைத்துப்போயிற்று. கோபப்படாமல் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், முதுகைத் தட்டிவிட்டாள். நல்ல பெண். யார் பெற்ற பிள்ளையோ.

தின்று காட்டியதால் மட்டும் சட்டம் மாறாது அல்லவா. மேலதிகாரி ஒருவர் வந்தார். அவர் பொறுமையாக விளக்கினாராம். வறுத்து அரைத்த தானியம் என்றால் விடலாம். முழுத் தானியமோ, உடைந்தும் முளைக்கக்கூடிய மணியோ ஒன்று இருந்தாலும் விட முடியாது, அங்குள்ள பயிருக்கு நோய் வந்துவிடும். தீவனத்தில் அப்படி மணிகள் கிடக்கும். அதனால் சலித்துப் பார்க்கப்போகிறோம், சம்மதமா?

இந்தக் கேள்வியை யாரிடம் கேட்கிறோம் என்று பாவம் அந்த மனிதருக்குத் தெரியாது.

சல்லடை வந்தது. வட்டமான எவர்சில்வர் சல்லடை. என் மனைவி அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல பாதிக் கோதுமை நுழைஞ்சிடும். இதவிட சின்னக் கண்ணு சல்லடை இருந்தா எடுத்துட்டு வரச் சொல்லு."

போன்காரப் பெண் இவளையே திருப்பிக் கேட்டாளாம். "அம்மா, அவங்களே பெரிய சல்லடைல பாக்கறேன்னு சொல்றாங்க. நீங்க ஏம்மா..."

"சொல்லுன்னா சொல்லு. அப்புறம் சந்தேகம்னு யாரும் சொல்லக் கூடாது."

அவர்களிடம் ஒன்றுக்குள் ஒன்று அடுக்குகிற மாதிரி ஒரு வரிசையே இருந்திருக்கிறது. எல்லாவற்றிலும் சின்னக் கண்ணை எடுத்து வந்தார்கள். மேலதிகாரியே கையில் எடுத்துச் சலித்தார். மாவு இறங்கியது. மொத்த மாவும் இறங்கியது. அடித்தட்டில் குவிந்த மாவைப் பார்த்து அவரே ஒரு தடவை விரலால் தொட்டுத் தேய்த்தாராம். இதை எழுதும்போது எனக்கு மார்பு விம்முகிறது. கல் கொத்தினது யார்?

ஆனால் சல்லடையில் ஒரு சிட்டிகை நின்றுவிட்டது. என் மனைவி சல்லடைமேலேயே குனிந்துவிட்டாளாம். இரண்டு தடவை சலித்தோமே, எப்படி நின்றது என்று. மேலதிகாரி அதைக் கறுப்புத் தட்டில் தட்டி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இடுக்கியால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எல்லாம் உமி. பார்லி உமியின் நார். மணி என்று சொல்ல ஒன்று கிடையாது. அவர் நிமிர்ந்து, அதிகாரிப் பெண்ணிடம் தலையாட்டினார்.

மாவை விட்டுவிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை. மனிதர் உண்ணக் கூடாது என்று எழுதிய பையில் உணவுப் பொருள் வெளியே போகக் கூடாது. அவர்களே சுத்தமான கண்ணாடிப் பை கொடுத்தார்கள். அதிகாரிப் பெண் பிடித்துக்கொள்ள, என் மனைவி ஒரு துளி சிந்தாமல் மாற்றினாள். கடைசியில் அவள் முதலில் கட்ட நினைத்த பையிலேயே மாவு போயிற்று. என் மாட்டுப் பையை அவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

அது குப்பைக்குப் போயிருக்கும் என்று தையல்காரர் சொல்கிறார். பொறாமை. வெளிநாட்டு அரசாங்கம் கைப்பற்றிய பொருளை அப்படிக் குப்பையில் போட மாட்டார்கள். என் மில்லின் பெயர் இன்றைக்கும் அங்கே அரசாங்க அலமாரியில் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். கடைவீதியில் வேறு யாருக்கு அந்தப் பாக்கியம்? கீழ் வரியை மட்டும் எடுத்துவிட்டுப் புதுப் பை அச்சடித்திருக்கிறேன். மாடு அப்படியே இருக்கிறது. பேங்க் மேனேஜரை வழியில் பார்த்தபோது, ஏன் சார் சொல்லவில்லை என்று கேட்டேன். மாவு நன்றாக இருந்தது, அதனால் சொல்லத் தோன்றவில்லை என்றார். அதுவும் ஒரு நற்சான்றிதழ்தானே.

வெளியே மாப்பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். மாமியார் தலைமுடியெல்லாம் மாவு, புடவையெல்லாம் மாவு. என்ன அத்தை ஆச்சு என்று பதறியவரிடம், "ஒண்ணும் இல்ல மாப்பிள்ள, கொஞ்சம் சலிக்கச் சொன்னாங்க, சலிச்சுக் குடுத்தேன்" என்றாளாம்.

வீட்டுக்குப் போய்க் கைகால் கழுவிய உடனே அடுப்புப் பக்கம் போய்விட்டாள். அது தீ தெரியாத கண்ணாடி அடுப்பு. எதைத் தொட்டால் சூடாகும் என்று மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு, கட்டி விழாமல் கிண்டிக் கஞ்சி காய்ச்சினாள். மகள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, அரை டம்ளர் குடித்தாள். மாப்பிள்ளை வழக்கம்போல வாளியைக் கையில் வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் நின்றார். என் மனைவி அவரைப் பார்த்து, அதைக் கொண்டுபோய் வைங்க என்று கையால் சொன்னாள். அவருக்கு அந்த ஜாடை புரிந்தது. வாளி வேண்டியிருக்கவில்லை. மகள் அப்படியே தூங்கிவிட்டாள்.

அன்றைக்கு என் மனைவி எனக்குப் போன் செய்தாள். நின்றுவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அழுதாள். நான் அழவில்லை. மில்லில் ஆட்கள் இருந்தார்கள்.

அப்புறம் நாளுக்கு நாள் அரை டம்ளர் முக்காலாயிற்று, முழு டம்ளராயிற்று. டாக்டர் எடை பார்த்துவிட்டு, குழாய்ப் பேச்சை எடுக்கவே இல்லை. என்ன கொடுத்தீர்கள் என்று மாப்பிள்ளையிடம் விசாரித்தாராம். என் மாமனார் மில் மாவு என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். நல்ல பிள்ளை, நான் பார்த்து எடுத்த சம்பந்தம்.

இத்தனைக்கும் நடுவில் மகள் எதையும் ருசித்துக் குடிக்கவில்லை என்பதுதான் என் மனைவிக்கு உறுத்தல். கொடுத்தால் குடிப்பாள், கண்ணை மூடிக்கொள்வாள், மருந்து மாதிரி. சின்ன வயதில் அவள் சாப்பாட்டில் குற்றம் கண்டுபிடிக்காத நாள் கிடையாது. அம்மாவுக்கும் மகளுக்கும் தினம் அந்தச் சண்டைதான். நான் மெஷின் சத்தத்துக்குள் போய் ஒளிந்துகொள்வேன்.

ஒரு நாள் மத்தியானம், வரிசையில் ஆட்கள் நிற்கிற நேரம், போன் வந்தது. மெஷினை நிறுத்திவிட்டு எடுத்தேன். என் மனைவியின் குரல் மேலே போயிருந்தது. ஏதோ ஆகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"ஏங்க, உங்க பொண்ணு கஞ்சியில உப்பு கம்மின்னு சொல்றா."

"என்னது?"

"உப்பு கம்மியாம். வாயில வெக்க விளங்கலையாம். மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு சொல்றாங்க."

வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, என் பெண் உப்பு கம்மி என்று சொல்லிவிட்டாள் என்றேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இதைப் பெரிய செய்தி மாதிரி சொல்கிறானே என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

"அப்புறம், உப்பு போட்டியா?"

"போட்டேன். இப்ப ஜாஸ்திங்கறா."

"நீ என்ன சொன்ன?"

"இன்னும் நல்லா சொல்லுடின்னேன்."